அப்பா அம்மா ஊர்ல, நீங்க சென்னையில: ராத்திரி 2 மணிக்கு எந்த ஆஸ்பத்திரி?

வைகை அணை, ஆண்டிபட்டி, கம்பம் பக்கம் பெத்தவங்களை விட்டுட்டு சென்னை, பெங்களூருல வேலை பார்க்கிறவங்களுக்கான பதிவு இது. எமர்ஜென்சி ஃபண்ட் சேர்க்கறது பத்தி நிறையப் பேசிட்டோம். ஆனா நடுராத்திரி போன் வந்தா, அந்தப் பணத்தோட எந்த வாசலுக்குப் போறது?

பெரிய கட்டடம், ஏசி ரூம் இதெல்லாம் தரம் கிடையாது. அவசர சிகிச்சைப் பிரிவை அளக்க வேற கணக்கு இருக்கு.

1. நேரம்: நெஞ்சுவலின்னு போனா 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுக்கணும். பக்கவாதம்னா, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி சிடி ஸ்கேன் வேணும். அது 24 மணி நேரமும் ஓடுதான்னு கேளுங்க. கம்பத்துல இருந்து க.விலக்குல இருக்கிற தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு சுமார் 50 கி.மீ. ஸ்கேன் இல்லாத இடத்துக்கு முதல்ல போனா, போகறது பணம் மட்டும் இல்ல, நேரமும்தான்.

2. திரும்பி வர்றது: அதே பிரச்சனையோட 72 மணி நேரத்துக்குள்ள எத்தனை பேர் திரும்பி வர்றாங்க? என்.ஏ.பி.எச். தர அங்கீகாரத்துல இதுவும் ஒரு அளவுகோல்.

3. முதியோர் கவனிப்பு: வயசானவங்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம்; மூச்சு வாங்கறதும் அசதியும்தான் தெரியும். திடீர்னு குழப்பமா பேசினா, "வயசாயிடுச்சு"ன்னு விடாம, கிருமித் தொற்றா, ரத்தத்துல உப்பு குறைஞ்சிருக்கான்னு பார்க்கணும். கீழே விழுந்தவங்களுக்கு எலும்பை மட்டும் பார்த்தா போதாது. ஏன் விழுந்தாங்க, என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னும் கேக்கணும்.

இப்போ பணக் கணக்கு. 65 வயசைத் தாண்டினவங்களுக்கும் ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுக்க 2024-லேயே வழி வந்துடுச்சு. ஆனா ஏற்கெனவே இருக்கிற சுகர், பிரஷருக்கு அதிகபட்சம் 36 மாசம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். தள்ளிப்போடற ஒவ்வொரு மாசமும் அந்தக் கணக்கு தள்ளித்தான் தொடங்கும். கேஷ்லெஸ் கேட்டா, 1 மணி நேரத்துல இன்ஷூரன்ஸ் கம்பெனி பதில் சொல்லணும்ங்கறது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி. சிகிச்சை அதுக்காகக் காத்திருக்காது. அதனால கொஞ்சம் தொகை அம்மா கணக்குலயே இருக்கட்டும்.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, மாத்திரை லிஸ்ட், பாலிசி நம்பர், முதல்ல போக வேண்டிய ஆஸ்பத்திரி பேர், 108. நாலையும் ஒரே தாள்ல எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிட்டு வாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க கிட்டயும் அந்தத் தாளைக் காட்டி வைங்க. அந்த நேரத்துல முதல்ல ஓடி வரப்போறது அவங்கதான்.