ஆறாத புண்ணும் ஹவுள் படிக்கட்டும்

ஹவுள் படிக்கட்டில் கால் வழுக்கித் தடுமாறாதவர் நம்மில் எத்தனை பேர்? தண்ணீர் தெளிந்தே இருக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். ஆயினும் நீருக்குள் இருக்கும் கல்லைத் தடவிப் பாருங்கள். கொழகொழவென்று ஒரு வழுவழுப்பு விரலில் ஒட்டும். மருந்து தண்ணீரைத் தெளியவைத்தது. கல்லைப் பற்றியிருந்ததை அசைக்கவில்லை. தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தால்தான் அது போகும். நான்கு நாள் விட்டால் மறுபடியும் படிந்துவிடும்.

இந்த வழுவழுப்பைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன். இது கல்லில் மட்டும் படிவதில்லை, ஆறாத புண்ணிலும் படிகிறது. கலைப் பட்டம் பெற்று மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் பெரியத்தாவுக்கு நேர்ந்ததே என்னை எழுதவைக்கிறது.

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த ஊர் என்று எங்கள் மண்டகப்பட்டைச் சரித்திர நூல்கள் சொல்லும். எங்களுக்கு அது மல்லாட்டை விளையும் ஊர். வரப்பில் செருப்பில்லாமல் நடக்கும் ஊர். பெரியத்தாவுக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். 2021ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வேலிகாத்தான் முள் ஒன்று வலது பெருவிரலின் அடியில் தைத்தது. தைத்ததே அவருக்குத் தெரியவில்லை. பாயில் இரத்தக் கறையைக் கண்ட பெரியம்மாதான் காலைத் திருப்பிப் பார்த்தார்கள்.

மஞ்சள் பற்றுப் போட்டோம். பிறகு மருந்துக்கடையில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கினோம். மாத்திரை சாப்பிடும் வரை சிவப்பு குறையும், நீர் வடிவது நிற்கும். நிறுத்திய மறுவாரம் பழைய கதைதான். மூன்று முறை இப்படி நடந்தது. சீழ் இல்லை, நாற்றம் இல்லை, வலியும் இல்லை. “பளபளன்னு சுத்தமாத்தானே இருக்கு” என்று சொல்லிக்கொண்டே ஐந்து மாதங்களைக் கடத்திவிட்டோம்.

இறுதியாக மருத்துவமனைக்குப் போனபோது, அறுவை மருத்துவர் புண்ணின் மேற்பரப்பைக் கத்தியால் மெல்லச் சுரண்டி, பஞ்சுத் துணியில் வைத்துக் காட்டினார். ஜவ்வரிசிக் கஞ்சியின் ஆடை போல் ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது. மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தால் அதே ஆடை, சற்று மெல்லியதாக, மறுபடியும் வந்திருந்தது. “இது புண்ணில் ஊறும் நீர் இல்லை பாய், கிருமி கட்டின வீடு” என்றார்.

பாக்டீரியா என்றால் தனித்தனியாக நீந்தித் திரியும் உயிர் என்றே நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பெரும்பாலும் அவை அப்படி வாழ்வதில்லை. ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. இதனை உயிர்ப்படலம் என்கிறார்கள். மருத்துவர்கள் பயோஃபிலிம் என்பார்கள். நம் பல்லில் படியும் ஊத்தையும் அதுவே. ஹாலந்து நாட்டுத் துணி வணிகரான லீவன்ஹுக், தாம் செய்த உருப்பெருக்கியில் அந்த ஊத்தையைப் பார்த்தார். காடியால் பல்லைக் கழுவியபோது ஊத்தையின் வெளிப்புறத்தில் இருந்த உயிர்களே மடிந்தன, உள்ளே இருந்தவற்றைக் காடி எட்டவில்லை என்று 1684ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். மிஸ்வாக் குச்சியால் தேய்க்கும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. வாய் கொப்பளிப்பது வேறு, தேய்ப்பது வேறு.

புண்ணிலும் இதே நிலைதான். மாத்திரையின் வீரியம் அந்தப் பசைக்குள் சரியாகப் புகுவதில்லை. உள்ளே இருக்கும் கிருமிகளிலும் பல, உறங்குவது போல் அடங்கிக் கிடக்கின்றன. வளரும் கிருமியைத் தாக்கும் மருந்துக்கு அவை எளிதில் அகப்படா. அமெரிக்காவின் மொன்டானாவில் ஓர் ஆய்வுக்குழு 2008இல் ஆறாத புண்கள் 50இன் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தது. 30இல் படலம் இருந்தது. புதிய காயங்கள் 16இல் ஒன்றே ஒன்றில்தான் இருந்தது.

அப்படியானால் வீட்டில் இருப்பவர் இதை எப்படி அறிவது? முதலில் ஒரு பொய்யான நம்பிக்கையைக் களைந்துவிடுகிறேன். கண்ணால் மட்டும் பார்த்து ‘இது படலம்’ என்று உறுதியாகச் சொல்ல மருத்துவராலும் இயலாது. பளபளக்கும் புண் எல்லாம் படலம் பிடித்த புண்ணன்று. படலம் பிடித்த புண் எல்லாம் பளபளப்பதுமில்லை. மஞ்சளாகத் தெரிவது வெறும் செத்த திசுவாகவும் இருக்கலாம். பஞ்சுக் குச்சியால் ஒற்றியெடுத்துச் செய்யும் பரிசோதனையிலும் இது தப்பிவிடக்கூடும். உறுதி செய்ய, திசுவை எடுத்து உயர்ந்த வகை நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். அது எல்லா ஊரிலும் நடக்கிற காரியமன்று.

ஆகவே புண்ணின் தோற்றத்தைவிட அதன் நடத்தையைக் கவனியுங்கள். மாத்திரை உள்ளவரை அடங்கி, நிறுத்தியதும் திரும்புகிறதா? துடைத்தெடுத்த வழுவழுப்பு ஓரிரு நாளில் மறுபடி மூடுகிறதா? சர்க்கரை கட்டுக்குள் இருந்தும், முறையாகக் கட்டுப் போட்டும் நீர் வடிவது ஓயவில்லையா? எல்லாவற்றையும்விட எளிய அளவுகோல் ஒன்று உண்டு. புண்ணின் நீள அகலத்தைத் தேதியுடன் ஒரு தாளில் குறித்துவையுங்கள். சர்க்கரை நோயாளியின் பாதப்புண், நல்ல சிகிச்சையில் நான்கு வாரத்தில் பரப்பில் பாதியளவாவது சுருங்கவேண்டும். சுருங்காவிட்டால் அந்தத் தாளோடு மருத்துவரிடம் திரும்பச் செல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் இருக்கவில்லை. சிவப்பு பரவுதல், காய்ச்சல், துர்நாற்றம், விரல் கறுத்தல் ஆகியவை தென்பட்டால் நான்கு வாரம் அல்ல, நான்கு மணி நேரமும் காத்திருக்கலாகாது. செஞ்சி அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் என்று எங்கள் பகுதியிலேயே வாசல்கள் இருக்கின்றன.

மருத்துவர் செய்வது, நாம் ஹவுளில் செய்வதுதான்: சுரண்டி அகற்றுகிறார். அகற்றிய முதல் ஒன்றிரண்டு நாட்களில்தான் படலம் இளசாக, மருந்துக்கு இணங்கக்கூடியதாக இருக்கிறது. அதனால் ஒருமுறையோடு நில்லாமல் மீண்டும் மீண்டும் சுரண்டவேண்டியிருக்கிறது. காலுக்கு இரத்த ஓட்டம் போதுமானதா என்று பார்த்த பிறகே அவர் கத்தியை எடுப்பார். தயவுசெய்து இதைக் கேட்டுவிட்டு வீட்டில் பிளேடை எடுத்துவிடாதீர்கள்!

சுரண்டுவதோடு வேலை முடிவதில்லை. புண்ணின் மேல் பாரம் விழாதிருக்கவேண்டும். இந்தப் பாடத்தை உலகுக்குச் சொன்ன ஊர்களில் ஒன்று நமது வேலூர். 1946இல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளியின் கால் புண்ணாகிச் சிதைவதற்கு வலி உணர்வு அற்றுப்போவதே காரணம் என்று கண்டார். வலிக்காததால் அவர்கள் புண்ணின் மேலேயே நடந்தார்கள். மாவுக்கட்டும் மெத்தென்ற ரப்பர் செருப்பும் அங்கே அவர்களுடைய பாதங்களைக் காத்தன. 1966இல் அமெரிக்கா சென்ற பிராண்ட், அதே அனுபவத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் உண்டென்று 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு கணித்திருக்கும்போது, வலி மரத்த பாதங்கள் நம் தெருவிலும் எத்தனை நடக்கின்றனவோ!

இனி எனக்குச் சங்கடமான பகுதி. கட்டு ஏன் எப்போதும் நனைந்தே இருக்கிறது என்று செவிலியர் கேட்டார். ஐவேளை ஒளுவுக்கும் பெரியத்தா கட்டை அவிழ்த்துக் கால் கழுவி, அதே துணியைத் திரும்பச் சுற்றிவந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. ஊறிய தோலும் ஈரத்துணியும் கிருமிக்கு விருந்து. பெரியத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏம்பா, நீ ஓதிக்குடுக்குறவன்தானே? கட்டு மேல தடவினா தொழுகை கூடுமா?”

கூடும். காயக்கட்டின் மேல் மஸஹ் செய்யும் சட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளுக்கு நடத்துகிறவன் நான். ஹனஃபி மத்ஹபில் நல்ல பகுதியைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் தடவுவது போதும். ஷாஃபி மத்ஹபில் அத்துடன் தயம்மும் சேரும். கிளை விவரங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஐந்து மாதமாக ஒரே முற்றத்தில் அந்தக் கால் நனைவதைப் பார்த்தும் என் வாய் திறக்கவில்லை. கிதாபில் இருந்ததை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

பெருவிரலும் அடுத்த விரலும் போயின. பாதம் நின்றது, அல்ஹம்து லில்லாஹ். இப்போது பெரியத்தா ரப்பர் செருப்போடுதான் களத்துக்குப் போகிறார். நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். வெள்ளிக்கிழமை தோறும் பெரியம்மா அவர் காலைத் திருப்பி, விரலிடுக்கு வரை பார்க்கிறார்கள். மஸஹ் பாடம் வரும்போது நான் ஒரு மாணவனின் காலில் துணியைச் சுற்றி, மற்றவர்களைத் தடவிக் காட்டச் சொல்கிறேன். பாடம் முடிந்ததும், வீட்டில் யாருக்காவது காலில் கட்டு இருக்கிறதா என்று கேட்கிறேன். சென்ற முறை மூன்று கைகள் உயர்ந்தன.