விடுபட்ட ஊரைக் காட்டும் படம்

இளம்பிள்ளை வாதத்தைத் தடுக்கும் சொட்டு மருந்தை நீங்களும் சிறு வயதில் அருந்தியிருப்பீர்கள். ஒரு வட்டாரத்தில் நூறு குழந்தைகளுள் தொண்ணூறு பேருக்கு மருந்து கொடுத்துவிட்டால் போதுமா? விடுபட்ட பத்துப் பேரும் ஒரே சிற்றூரில் வாழ்ந்தால், போலியோ வைரஸ் அங்கே எளிதில் பரவும். ஆகவே எத்தனை பேர் விடுபட்டனர் என்பதோடு, எங்கே விடுபட்டனர் என்பதும் தெரிய வேண்டும்.

ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியாவின் வட மாநிலங்களில் இந்தச் சிக்கல் எழுந்தது. சுகாதார ஊழியர்கள் கையால் வரைந்த படங்களைக் கொண்டு வீடு வீடாகச் சென்றனர். பல சிற்றூர்கள் அப்படங்களில் இடம்பெறவே இல்லை. எனவே 2012ஆம் ஆண்டு வாக்கில், செயற்கைக்கோள் எடுத்த படங்களில் கூரைகள் தென்பட்ட இடங்களைக் குறித்துக் கணிப்பொறியில் புதிய நிலப்படங்கள் உருவாக்கப்பட்டன. ஊழியர்கள் கையில் எடுத்துச் சென்ற செல்பேசி, அவர்கள் நடந்த பாதையைப் பதிவு செய்தது. அப்பாதையை நிலப்படத்தின்மீது பொருத்தியதும், ஒருவரும் செல்லாத ஊர் தனியே தெரிந்தது. அங்கே மீண்டும் ஆள் அனுப்பலாம் அல்லவா?

தான் இருக்கும் இடத்தைச் செல்பேசி எப்படி அறிகிறது? பூமிக்கு மேல் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள், நேரத்தைக் குறித்த ரேடியோ அலைகளை அனுப்புகின்றன. அலையின் வேகம் விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். மூன்று தூரங்கள் இடத்தைக் காட்டும். செல்பேசிக் கடிகாரத்தின் பிழையைத் திருத்த நான்காவது செயற்கைக்கோள் உதவும். விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீட்டர் தவறிவிடும். பக்கத்து ஊருக்கே போய்விடலாம்!

படம் மட்டும் நோயை ஒழிக்காது. 2016இல் போர்னோ மாநிலத்தில் மீண்டும் சிலருக்குப் போலியோ கண்டது. ஆயுத மோதலால் ஊழியர்கள் நுழைய முடியாத பகுதிகள் அங்கே இருந்தன. பின்னர், 2020 ஆகஸ்டில் ஆப்பிரிக்க வட்டாரம் இயற்கை வகைப் போலியோ வைரஸ் நீங்கியதாகச் சான்று பெற்றது.

நீங்களும் உங்கள் தெருவின் படம் ஒன்றை வரையுங்கள். கொசு வளரும்படி நீர் தேங்கிய இடங்களைத் தேதியுடன் குறியுங்கள். குறி எதுவும் விழாத மூலையைக் கண்டால் கேளுங்கள்: அங்கே நீர் தேங்கவில்லையா, அல்லது அங்கே நாம் போகவே இல்லையா?