உஷார்! அடம்பிடிக்கும் தோட்டாவைவிட அடங்கிப்போகும் தோட்டா ஆபத்து

அமெரிக்காவில் வீட்டு கேரேஜில் பிரஸ் வைத்து பிஸ்டல் தோட்டாவை மறுபடி நிரப்பிக்கொள்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், இதைப் படித்துவிட்டு அடுத்த தோட்டாவைத் தொடுங்கள். பிரஸ்ஸின் கைப்பிடி திடீரென்று கனத்தால் நிறுத்துங்கள். திடீரென்று லேசானால், அதைவிட வேகமாக நிறுத்துங்கள்.

இந்த இரண்டாவதைத்தான் பலரும் கண்டுகொள்வதில்லை. கனத்தால், ஏதோ மாட்டிக்கொண்டது என்று கையே சொல்லிவிடும். லேசாகப் போனால், "இன்றைக்கு நல்லா ஓடுதே" என்று மனசு குஷியாகிவிடும். டை சரியில்லை என்பதற்கு அந்த லேசுதான் முதல் அறிகுறி.

வேலை என்னவோ சின்னதுதான். ஒருமுறை சுட்ட பித்தளைக் கூடு உப்பியிருக்கும். முதல் டை அதைப் பழைய அளவுக்கு இறுக்கி, எரிந்துபோன பிரைமரை ஊசியால் தள்ளிவிடும். இரண்டாவது டை கூட்டின் வாயைக் கொஞ்சம் விரிக்கும். மருந்து போட்ட பிறகு மூன்றாவது டை குண்டை உள்ளே உட்காரவைக்கும். கடைசியில், விரித்த வாயை மூடவேண்டும். லீ, ஆர்.சி.பி.எஸ், ஹார்னடி என்று எந்தப் பெட்டி வாங்கினாலும் பெரும்பாலும் ஒரே மரைதான். 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு கம்பெனி டை இன்னொரு கம்பெனி பிரஸ்ஸில் அழகாக ஏறிவிடும். ஏறிவிட்டது என்பதற்காக அளவும் சரியாகிவிட்டது என்று நினைப்பதில்தான் வம்பு ஆரம்பம்.

9 மி.மீ. லூகர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான 'சாமி' வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. உங்கள் கார் டயரில் இருப்பது சுமார் 35. அதைப்போல ஆயிரம் மடங்கு அழுத்தத்தை முகத்துக்கு இரண்டடி தூரத்தில் கையில் பிடித்திருக்கிறீர்கள்.

மேகசினிலிருந்து சேம்பருக்குள் பாயும்போது தோட்டாவின் மூக்கு எதிரே இருக்கிற சரிவில் இடிக்கும். கூடு குண்டை இறுகப் பிடித்திருந்தால் ஒன்றும் ஆகாது. பிடி தளர்ந்திருந்தால் குண்டு கூட்டுக்குள் பின்வாங்கும். மருந்து அதே அளவு; அது எரிய இருக்கிற இடம் மட்டும் சுருங்கிவிடும். 9 மி.மீ. கூட்டுக்குள் இடம் ஏற்கெனவே சிக்கனம். ஸ்பியர் கம்பெனியின் ரீலோடிங் கையேட்டில் ஒரு பழைய சோதனை உண்டு: 9 மி.மீ. குண்டை வேண்டுமென்றே வெறும் 0.030 அங்குலம் அதிகமாக அழுத்தியதில், 28,000 இருந்த அழுத்த அளவு 62,000-ஐத் தொட்டது. 0.030 அங்குலம் என்றால் முக்கால் மில்லிமீட்டர். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

பிடி ஏன் தளர்கிறது? முதல் டை போதுமான அளவு கீழே இறங்கியிருக்காது. கூடு முழுசாக இறுகியிருக்காது. அல்லது இரண்டாவது டை கூட்டின் வாயைப் புனல் மாதிரி விரித்திருக்கும். குண்டின் அடிப்பாகம் விழாமல் நிற்கிற அளவுக்கு விரிந்தால் போதும். அதற்கு மேல் விரிப்பதெல்லாம் பிடியைக் குறைக்கிற வேலை.

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் அனுபவசாலிகளே நம்ப மறுப்பார்கள். பிடி தளர்வாக இருக்கிறதா, கடைசி டையை இன்னும் இறக்கி வாயை நன்றாக நெரித்துவிடுவோம் என்று தோன்றும். செய்யாதீர்கள்! பித்தளைக்கு மீள்தன்மை உண்டு, ஈயத்துக்குக் கிடையாது. நெரிக்கும்போது இரண்டும் சேர்ந்து ஒடுங்கும். டையை விட்டு வெளியே வந்ததும் பித்தளை லேசாக விரிந்துகொள்ளும். ஈயம் ஒடுங்கியபடியே கிடக்கும். நடுவில் இடைவெளி. இறுக்கப்போய், இருந்த பிடியையும் கெடுத்ததுதான் மிச்சம். 9 மி.மீ., .45 ஏ.சி.பி. இரண்டும் கூட்டின் வாய் விளிம்பில்தான் சேம்பரில் நிற்கின்றன என்பதால், அந்த விளிம்பை உள்ளே மடக்கவும் கூடாது. விரித்ததை நேராக்கினால் போதும். 9 மி.மீ. வாயின் விட்டம் 0.380 அங்குலத்தைத் தாண்டாமல், அதற்கு ஒரு மயிரிழை குறைவாக இருந்தால் சரி.

ரிவால்வர்க்காரர்களுக்கு இது நேர்மாறு. .38 ஸ்பெஷல், .357 மேக்னம் தோட்டாக்கள் அடி விளிம்பில் தொங்குகின்றன. அங்கே குண்டின் பள்ளத்துக்குள் வாயை மடக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் உதைப்பில் மற்றக் குண்டுகள் முன்னால் நகர்ந்து சிலிண்டரைச் சுற்றவிடாமல் செய்துவிடும்.

பிடியைச் சோதிக்க காசு செலவில்லை. காலிப்பரில் தோட்டாவின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். மூக்கை மேஜை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். மறுபடி அளங்கள். எண் குறைந்திருந்தால் அந்த டப்பாவுக்கு அதோடு முற்றுப்புள்ளி.

குண்டை உட்காரவைக்கிற டையில் இன்னொரு திருட்டுத்தனம் நடக்கும். மெழுகு பூசிய ஈயக் குண்டு போடுகிறவர்கள், சாயங்காலம் ஆரம்பித்தபோது நீளம் சரியாக இருந்ததே, இரவு பார்த்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகியிருக்கிறதே என்று விழிப்பார்கள். டையின் நடுத்தண்டைக் கழற்றிப் பாருங்கள். குண்டின் மூக்கு அச்சில், கறுத்த மெழுகும் ஈயத்தூளும் கட்டியாக இறுகி அடைத்திருக்கும். அந்தக் கட்டி வளர வளர, குண்டு அதே அளவுக்கு அதிகமாக உள்ளே போகும். டையை யாரும் தொடவில்லை, பூட்டு வளையம் அசையவில்லை, அளவு மட்டும் மாறிவிட்டது. கரைப்பானில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். இருபது இருபத்தைந்து தோட்டாவுக்கு ஒருமுறை நீளத்தை அளங்கள். தட்டை மூக்குக் குண்டிலிருந்து உருண்டை மூக்குக்கு மாறினால் பழைய அளவு செல்லாது; புதிதாக வையுங்கள்.

ஒரே டையில் உட்காரவைப்பதையும் வாயை மூடுவதையும் சேர்த்துச் செய்கிறவர்கள், குண்டு இறங்கி முடிவதற்குள் வாய் மூடிக்கொள்கிறதா என்று பாருங்கள். கூட்டின் வாயோரத்தில் ஈயம் வளையமாகச் சீவியிருந்தால், அல்லது கூடு புடைத்து நின்றால் அதுதான் விஷயம். இரண்டு வேலையையும் தனித்தனி டையில் செய்வது நல்லது. செலவைப் பார்க்காதீர்கள்.

கனமாகப் போகிற கோளாறுகளுக்கு வருகிறேன். கூட்டின் பக்கவாட்டில் நேர்கோடாகக் கீறல் விழுந்தால் டைக்குள் மணலோ, நிக்கல் பூச்சின் செதிலோ ஒட்டியிருக்கிறது; சுத்தம் செய்யுங்கள். ஊசி வளைந்தாலோ முறிந்தாலோ, அடியில் நடுத்துளைக்குப் பதில் இரண்டு சிறு துளைகள் உள்ள பெர்டன் வகைக் கூடு நுழைந்திருக்கலாம். முதல் டையின் வாயில் இருக்கிற கார்பைட் வளையம் கடினமானது, ஆனால் நொறுங்கக்கூடியது. கூட்டைப் பிடிக்கும் தாங்கி அதில் மோதாதபடி ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விடுங்கள். ராணுவக் கூடுகளில் பிரைமர் குழியின் ஓரம் அடித்து இறுக்கப்பட்டிருக்கும். அதை நீக்காமல் புதுப் பிரைமரைத் திணித்தால் அது கோணலாக மாட்டி வெடிக்கலாம். கைப்பிடியில் தொங்கிக்கொண்டு அழுத்துவது வீரமில்லை. கண்ணாடி போடாமல் இந்த வேலைக்கு உட்காரவே கூடாது.

லேசாகப் போனால்? கூடு விரிசல் விட்டிருக்கலாம். நாலைந்து கூடுகளை உள்ளங்கையில் குலுக்குங்கள். நல்லது கிணுகிணுக்கும், விரிசல் கண்டது சப்பென்று ஒலிக்கும். அல்லது 9 மி.மீ. குவியலில் .380 கூடு கலந்திருக்கும். அதன் உயரம் 0.680 அங்குலம், இதன் உயரம் 0.754. பார்வைக்கு அண்ணன் தம்பி. டைக்குள் போனால் கைப்பிடி தடையில்லாமல் இறங்கும். உள்பக்கம் படிக்கட்டு மாதிரி விளிம்புள்ள கூடுகளையும் தயவுதாட்சண்யமில்லாமல் குப்பையில் போடுங்கள். அந்த விளிம்பில் உடைகிறவை அவை.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்துவது வேறு. ஒரே இழுப்பில் நாலைந்து டையும் வேலை செய்கிற ப்ரோக்ரெஸிவ் பிரஸ்ஸில் ஏதோ ஒரு டை மாட்டுகிறது. நீங்கள் கைப்பிடியைப் பாதியில் மேலே கொண்டுவந்து, சரிசெய்து, மறுபடி இழுக்கிறீர்கள். பக்கத்து ஸ்டேஷனில் இருந்த கூட்டில் மருந்து இரண்டுமுறை விழுந்ததா, விழவே இல்லையா? 'டைட்குரூப்' போன்ற அடர்ந்த மருந்தை 9 மி.மீ. கூட்டில் இரண்டு மடங்கு போட்டாலும் வழியாது. இரட்டை மருந்து பிஸ்டலைப் பிளக்கும். மருந்தே இல்லாவிட்டால், பிரைமரின் வேகத்தில் குண்டு குழலுக்குள் பாதியில் நிற்கும். 'பொத்' என்று வெடித்ததைப் பொருட்படுத்தாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பி வெடிக்கும். டை எங்கே மாட்டினாலும், பிரஸ்ஸில் இருக்கிற எல்லாக் கூடுகளையும் எடுத்துவிடுங்கள். மருந்தைத் திரும்பக் கொட்டுங்கள். முதலிலிருந்து தொடங்குங்கள். ரேஞ்சில் சத்தம் மந்தமாகக் கேட்டால் தோட்டாவை இறக்கி, குழல் காலியா என்று பார்க்காமல் விசையில் கை வைக்காதீர்கள்.

எத்தனை கிரெய்ன் மருந்து என்பதை இங்கே நான் எழுதப்போவதில்லை. மருந்துக் கம்பெனியின் அச்சிட்ட கையேட்டைத் தவிர வேறு யார் சொன்னாலும் கேட்காதீர்கள், நான் உட்பட.

நம்மவர்களுக்கு ஒரு சட்ட எச்சரிக்கையும் உண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை, மாநில வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய உரிமம் தேவையில்லை. விற்பதைத் தொழிலாக்கினால் தேவை. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதே குற்றம். ஊருக்குக் கிளம்பும்போது பை மூலையில் ஒற்றைத் தோட்டா கிடந்தாலும் விமான நிலையத்தில் போலீஸ் வழக்குத்தான். ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையை ஊர்ப்பயணத்துக்கு எடுக்காதீர்கள்.

போன மாதம் நிரப்பிய டப்பா அலமாரியில் இருக்கிறதா? ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் முன் பத்துத் தோட்டாவையாவது மேஜையில் அழுத்தி அளந்து பாருங்கள். பிஸ்டலைக் காலிசெய்து, குழலைத் தனியே கழற்றி, அதற்குள் ஒவ்வொன்றாகப் போடுங்கள். 'டொக்' என்று விழுந்து, விரலால் சுற்றினால் சுற்றி, கவிழ்த்தால் தானாக வெளியே வரவேண்டும். அழுத்தியதில் ஒன்றே ஒன்று குட்டையாகிவிட்டாலும், குண்டு பிடுங்கும் சுத்தியலை எடுத்து அந்த டப்பா முழுவதையும் பிரித்துவிடுங்கள்.