ஹெட் கவரில் விரிசலா? எம்-சீல் பூசும் முன் இதைப் படியுங்கள்!

காலை 5 மணிக்குப் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகணும். பொழுது விடிந்ததும் கத்திரி மூட்டையோடு உழவர் சந்தைக்கு. திரும்பி வரும்போது ஒரு மூட்டை தவிடு. நம் வீட்டுப் பழைய பைக், வண்டி மாடு செய்த வேலையையெல்லாம் செய்கிறது. ஆனால் மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் பதறுகிற நாம், இன்ஜினில் ஆயில் கசிந்தால் மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் விட்டேன்.

என்னிடம் இருப்பது 97.2 சிசி இன்ஜின் கொண்ட பழைய ஸ்ப்ளெண்டர். ஒருநாள் ஹெட் கவர் ஓரத்தில் லேசாக ஈரம் தெரிந்தது. 'நட் லூசாகியிருக்கும்' என்று நானே முடிவு செய்து, ஸ்பானரில் குழாயை மாட்டி ஒரே பக்கமாக இறுக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். நட் ஓட்டையிலிருந்து விரல் நீளத்துக்கு விரிசல் விட்டுவிட்டது. அதன்மேல் எம்-சீல் பூசினேன். பத்து நாளில் பெயர்ந்தது. மறுபடி பூசினேன். மூன்றாவது முறை பெயர்ந்ததைக் கவனிக்கவே இல்லை. நெல் நடவு நேரம். ஒருநாள் இன்ஜினில் 'டக டக' என்று சத்தம் வந்தபோது டிப் ஸ்டிக்கில் ஆயில் ஒட்டவே இல்லை. கேம் ஷாஃப்ட், ராக்கர் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. கவருக்கு ஆகியிருக்க வேண்டிய செலவைப்போலப் பல மடங்கு போனது. நான்கு நாள் பால் ஊற்ற அடுத்தவர் வண்டியை நம்பி நின்றேன்.

அந்தத் தவறை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

கசிவு எங்கிருந்து வருகிறது?

ஆயில் தெரிகிற இடமெல்லாம் கசிகிற இடம் அல்ல. 1985-ல் வந்த சிடி 100, 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்த வாக்கில், முன் சக்கரத்தைப் பார்த்தபடி இருக்கும். அதன் முகப்பில் நான்கு நட்டுகளோடு இருப்பதுதான் ஹெட் கவர். வண்டி ஓடும்போது காற்று, கசியும் ஆயிலைப் பின்னால் தள்ளிவிடும். அதனால் இன்ஜின் முழுக்கக் கசிவதுபோலத் தெரியும்.

இன்ஜின் நன்றாக ஆறியதும், டீசலோ மண்ணெண்ணெயோ தொட்டு, பழைய பிரஷ்ஷால் அந்த இடத்தைச் சுத்தமாகத் தேய்த்துத் துடையுங்கள். பெட்ரோல் வேண்டாம், பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. காய்ந்ததும் முகப் பவுடரைத் தூவிவிட்டு, இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பவுடர் முதலில் எங்கே நனைகிறதோ, அதுதான் கசியும் இடம்.

மேலும் கீழும் இருக்கிற டேப்பட் மூடிகளைச் சுற்றி நனைந்தால், உள்ளே இருக்கும் ஓ-ரிங் காய்ந்து போயிருக்கும். சில்லறைச் செலவில் முடிந்துவிடும். கவரும் ஹெட்டும் சேரும் கோட்டில் நனைந்தால் கேஸ்கட் கோளாறு. கவரின் நடுவிலோ, நட் ஓட்டையை ஒட்டியோ நனைந்தால்தான் விரிசல். எதுவாக இருந்தாலும், இன்ஜினின் மூச்சுக் குழாய் மண் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல கேஸ்கட்டைக்கூட ஆயில் தள்ளிக்கொண்டு வரும்.

கழற்றும் முன் ஒரு எச்சரிக்கை

இந்த வகை இன்ஜின்களில் ஹெட் கவரைப் பிடிக்கும் அந்த நான்கு நட்டுகள்தான், ஹெட்டையும் சிலிண்டரையும் சேர்த்துப் பிடிக்கின்றன. கவரை மட்டும் கழற்றுவதாக நினைத்து நட்டைத் தளர்த்தினால், ஹெட் கேஸ்கட்டின் பிடிப்பும் தளரும். அதனால் இதை டார்க் ரெஞ்ச் வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. ஹெட் கேஸ்கட்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

நட்டுகளுக்குக் கீழே இருக்கும் வாஷர்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்காது. செம்பு வாஷர் இருக்கிற இடம் ஆயில் மேலேறும் வழியாக இருக்கலாம். ஒரு அட்டையில் இன்ஜின் படத்தை வரைந்து, எந்த நட்டும் வாஷரும் எங்கே இருந்தன என்று குறித்துக்கொண்டால் பிறகு தடுமாற வேண்டாம்.

விரிசலின் நீளம் எவ்வளவு?

கழற்றிய கவரைக் கழுவிக் காயவையுங்கள். வெளிப்பக்கம் சாக்பீஸைத் தடவி, உள்பக்கம் மண்ணெண்ணெய் பூசி அரை மணி நேரம் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் சாக்பீஸில் ஈரக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு முடியும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வழிகள்

1. பசை: விரிசல் கவரின் நடுப்பகுதியில், சின்னதாக இருந்தால் மட்டும். கோட்டின் இரண்டு முனையிலும் 2 மில்லிமீட்டர் ஓட்டை போட்டால், விரிசல் மேலும் ஓடாது. கோட்டை 'வி' வடிவில் லேசாகச் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரால் துடைத்துவிட்டு, சூடு தாங்கும் என்று உறையில் போட்டிருக்கும் உலோகப் பசையைப் பூசுங்கள். 24 மணி நேரம் காய வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எதைப் பூசினாலும் நிற்காது. நான் மூன்று முறை தோற்றது அதனால்தான். இதுவும் தற்காலிக வைத்தியம்தான். அறுவடை முடியும்வரை தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஆர்கான் வெல்டிங்: விரிசல் நட் ஓட்டையையோ கேஸ்கட் உட்காரும் முகத்தையோ தொட்டுவிட்டால், பசை உதவாது. கவர் அலுமினியம். கேட் வெல்டிங் பட்டறையில் கொடுத்துவிடாதீர்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். இரும்பைப்போலச் சிவந்து முன்கூட்டியே காட்டிக்கொடுக்காது. ஆனால் அதன் மேலிருக்கும் ஆக்சைடு படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதனால்தான் அலுமினியத்தில் கைப்பழக்கம் உள்ள ஆர்கான் வெல்டரைத் தேட வேண்டியிருக்கிறது. வெல்டிங் முடிந்ததும் கவர் லேசாகக் கோணும். தடித்த கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, கேஸ்கட் முகத்தை எட்டுப் போடுவதுபோலத் தேய்த்துச் சமப்படுத்தச் சொல்லுங்கள். தேய்த்த தூள் துளிகூட உள்ளே தங்கக் கூடாது.

3. வேறு கவர்: நிறைய ஓடிய மாடல் என்றால், புதிய கவரோ, பழைய வண்டியைப் பிரித்து விற்கும் கடையில் நல்ல கவரோ கிடைக்கும். வெல்டிங் கூலியைக் கேட்கும்போதே கவர் விலையையும் கேட்டுவிடுங்கள். பல நேரம் மாற்றுவதே லாபம். பழைய கவர் வாங்கினால், அங்கேயே சாக்பீஸ் சோதனை செய்துவிட்டுக் காசு கொடுங்கள்.

மாட்டும்போது

கேஸ்கட், ஓ-ரிங், செம்பு வாஷர் எல்லாம் புதிதாக இருக்கட்டும். சிலிக்கான் பசையை அப்பினால், உள்ளே பிதுங்கிய துணுக்கு பிய்ந்து ஆயில் வழியை அடைத்துவிடும். நட்டுகளை எதிரெதிர் மூலையாக, இரண்டு மூன்று சுற்றில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். டேப்பட் இடைவெளியையும் கையோடு பார்த்துவிடச் சொல்லுங்கள்.

பிறகு வாரம் ஒருமுறை, சமதளத்தில் மெயின் ஸ்டாண்டு போட்டு ஆயில் பாருங்கள். இந்த வண்டிகளில் டிப் ஸ்டிக்கைத் துடைத்து, திருகாமல் சும்மா உள்ளே விட்டு எடுக்க வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் நிற்க வேண்டும். வடித்த ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றோரமோ ஊற்றாமல், கேனில் சேர்த்துப் பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வாசகர் கேள்வி

'விரிசலோடு இன்னும் ஒரு வாரம் ஓட்டலாமா?'

லேசான ஈரம் மட்டும்தான் என்றால், தினமும் காலையில் ஆயில் அளவைப் பார்த்து, குறைந்ததை ஊற்றிக்கொண்டு மெதுவாக ஓட்டலாம். சொட்டுச் சொட்டாக விழுந்தால் ஓட்டாதீர்கள். ஆயில் சூடான சைலன்சரில் பட்டால் புகையும். டயரில் பட்டால் வழுக்கிவிடும். அந்த ஒரு வாரம் பக்கத்து வீட்டுக்காரரிடம் வண்டி கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை. இன்ஜின் பிடித்துக்கொண்டால், ஒரு மாதம் கேட்க வேண்டிவரும்.