கபினிக் கரையில் நஞ்சன்கூடு

தென்மேற்குப் பருவமழை வலுக்கும் ஆடி மாதத்தில், கபினி அணையிலிருந்து திறக்கப்படும் நீரின் அளவு தமிழ்நாட்டு நாளிதழ்களில் அன்றாடச் செய்தியாகிவிடுகிறது. அந்த நீர் அணையைக் கடந்தபின் பாயும் முதல் பெரிய ஊரான நஞ்சன்கூட்டைப் பற்றியோ, மைசூருக்கும் உதகைக்கும் பயணம் செய்யும் தமிழர்களில் மிகப் பலர் அறிந்திருப்பது சாலையோரத்துப் பெயர்ப்பலகை அளவில்தான். மேட்டூர் அணைக்கு வரும் நீரின் ஒரு பகுதி இவ்வூர்ப் படித்துறைகளைத் தொட்டே வருகிறது என்பதாலும், இதன் கோயிலிலும் வரலாற்றிலும் தமிழகத்தின் தொடர்பு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதாலும், தமிழ் வாசகர்கள் இதனைச் சற்று நின்று அறிந்துகொள்வது தகும்.

கர்நாடக மாநிலம் மைசூரு மாவட்டத்தில், மாவட்டத் தலைநகருக்குத் தெற்கே சுமார் 23 கிலோமீட்டர் தொலைவில், கபினி ஆற்றின் வலக்கரையில் அமைந்த தாலுகாத் தலைமையிடம் நஞ்சன்கூடு. கேரளத்தின் வயநாட்டு மலைகளில், மானந்தவாடி ஆறும் பனமரம் ஆறும் கூடி உருவாகும் கபினியை இவ்வூர் மக்கள் கபிலா என்றே பெரிதும் அழைக்கின்றனர். கிழக்கு நோக்கிப் பாயும் இந்த ஆறு, ஹெக்கடதேவன்கோட்டைத் தாலுகாவில் 1974-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையில் தேங்கி, பின் நஞ்சன்கூட்டைக் கடந்து, திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. தெற்கே குண்டலுப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் குண்டலு என்னும் சிற்றாறு, நஞ்சன்கூட்டின் அருகிலேயே கபினியில் சேர்கிறது. இரு நீர்கள் கூடும் இடத்தைப் புண்ணியத் துறையாகக் கருதும் மரபு நம் நாடெங்கும் உள்ளதாகையால், இங்கே முதலில் ஒரு நீராடுதுறையும், அதனை ஒட்டி ஒரு கோயிலும், கோயிலைச் சுற்றி ஓர் ஊரும் வளர்ந்திருக்கக்கூடும் என்று எண்ணுவதில் பிழையில்லை. வயநாட்டில் பெருமழை கொட்டிய 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளின் ஆகஸ்டு மாதங்களிலும் ஆற்றங்கரை மண்டபங்கள் நீரில் மூழ்கின. மல்லனமூலை என்னுமிடத்தில் நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஏறியதால் மைசூருச் சாலையில் போக்குவரத்து நின்றது.

ஆலகால நஞ்சை உண்ட சிவபெருமான் உறையும் இடம் என்பதே ஊர்ப்பெயரின் பொருள். கோயிலின் இறைவனுக்கு நஞ்சுண்டேஸ்வரர் என்றும் ஸ்ரீகண்டேஸ்வரர் என்றும் பெயர்கள் வழங்குகின்றன. ஊருக்குத் தட்சிண காசி என்ற சிறப்புப் பெயரும் உண்டு. கங்கர் காலத்தில் சிறிய கருவறையாகத் தொடங்கிய இக்கோயில், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார், மைசூரு உடையார்கள் எனப் பல ஆட்சிகளின் திருப்பணிகளால் விரிந்து, இன்று கர்நாடகத்தின் மிகப் பெரிய கோயில்களுள் ஒன்றாக விளங்குகிறது. ஒன்பது நிலைகளோடு ஓங்கி நிற்கும் இராஜகோபுரம், மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1845-இல் எழுப்பப்பட்டது. காஞ்சியையும் திருவண்ணாமலையையும் கண்டு பழகிய கண்களுக்கு அக்கோபுரம் அந்நியமாகத் தோன்றாது.

அதைவிட நெருக்கமான உறவு உட்சுற்றில் காத்திருக்கிறது. அறுபத்துமூன்று நாயன்மார்களின் கற்சிலைகள் இக்கோயிலில் வரிசையாக அமைக்கப்பட்டுள்ளன. தமிழ் மண்ணில் பிறந்து, சேக்கிழாரின் பெரியபுராணத்தால் நிலைபெற்ற அடியார்களைக் கன்னட நாட்டார் தங்கள் பக்தி மரபின் முன்னோர்களாகவே ஏற்று வழிபடுகின்றனர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கர்களின் தலைநகரான தலைக்காட்டைக் கைப்பற்றிய சோழர்கள், ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் அதனை மீட்கும் வரை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இப்பகுதியை ஆண்டனர். எனினும், இந்த உறவு படையெடுப்பால் மட்டும் விளைந்ததன்று. போர் முடிந்து பல நூற்றாண்டுகள் கடந்த பின்னும் அச்சிலைகளுக்கு முன் விளக்கேற்றப்படுவதே அதற்குச் சான்று. இதே தாலுகாவில், கபினிக் கரையிலேயே உள்ள சுத்தூர் வீரசைவ மடத்தின் தோற்றத்தையும், போருக்கு நின்ற கங்க மன்னனையும் சோழ மன்னனையும் சமாதானம் செய்வித்த ஒரு துறவியோடு இணைத்து அம்மடத்தின் மரபு கூறுகிறது.

நஞ்சுண்டேஸ்வரர் நோய் தீர்க்கும் தெய்வமாகவே மக்கள் மனத்தில் நிறைந்திருக்கிறார். திப்பு சுல்தானின் பட்டத்து யானைக்குக் கண்பார்வை மங்கியபோது இவ்விறைவனை வேண்டியதால் குணமாயிற்று என்றும், மனம் நெகிழ்ந்த திப்பு இறைவனை மருத்துவர் என்னும் பொருளில் ‘ஹக்கீம் நஞ்சுண்டா’ என்று அழைத்து, மரகத லிங்கம் ஒன்றைக் காணிக்கையாக அளித்தார் என்றும் மரபு வழியாகச் சொல்லப்படுகிறது.

ஊரின் அரசியல் வரலாற்றைத் தாலுகாவைச் சேர்ந்த களலே என்னும் கிராமத்திலிருந்து தொடங்கவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் மைசூரு அரியணையில் உடையார்கள் அமர்ந்திருந்தாலும், உண்மையான அதிகாரம் தளவாய்கள் எனப்பட்ட படைத்தலைவர்களிடமே இருந்தது. அவர்களுள் வலிமை மிக்கவர்கள் களலேக் குடும்பத்தினர். அக்குடும்பத்துத் தளவாய் தேவராஜய்யா 1735-இல் கபினியின் குறுக்கே கட்டிய பாலம் இன்றும் நிற்கிறது. அவருடைய தம்பி கராசூரி நஞ்சராஜய்யாவைத் திருச்சிராப்பள்ளியின் வரலாறு மறக்க இயலாது. ஆற்காட்டு நவாபுப் பட்டத்துக்காகச் சந்தா சாகிபோடு போரிட்ட முகம்மது அலி, உதவிக்கு வந்தால் திருச்சிராப்பள்ளியைத் தருவதாக வாக்களித்ததை நம்பி, 1752-இல் பெரும்படையோடு காவிரிக் கரைக்கு வந்த நஞ்சராஜய்யா, வெற்றிக்குப் பின் அவ்வாக்கு மீறப்பட்டதால், திருவரங்கத்தில் முகாமிட்டு 1755 வரை கோட்டைக்காகப் போராடி, ஒன்றும் கிட்டாமலே திரும்பினார். அந்தப் படையெடுப்பு மைசூருக் கருவூலத்தை வற்றச் செய்தது. அதே படையில் பணியாற்றிய ஹைதர் அலி என்னும் வீரர் உயர்ந்து அரசைக் கைக்கொள்ளவும் அதுவே வழியமைத்தது.

தேவராஜய்யாவின் பாலம் வண்டிகளுக்காகக் கட்டப்பட்டது. பின்னாளில் மீட்டர்பாதை இருப்புப்பாதையும் அதன்மீதே இடப்பட்டு, பல பத்தாண்டுகள் சாலை வாகனங்களும் இரயிலும் ஒரே பாலத்தைப் பகிர்ந்துகொண்டன. அகலப்பாதை வந்தபோது தனிப்பாலம் அமைக்கப்பட்டதால், பழம்பாலம் பாரம்பரியச் சின்னமாக ஓய்வு பெற்றது. மைசூருவிலிருந்து வரும் இருப்புப்பாதை சாமராஜநகரோடு முடிந்துவிடுகிறது. அதனைச் சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையம் வரை நீட்டவேண்டும் என்ற பழைய கோரிக்கை, வனப்பகுதியைக் கடக்கவேண்டிய சிக்கலால் நிறைவேறாமலே இருக்கிறது.

திங்கட்கிழமைகளிலும் பௌர்ணமி நாள்களிலும் ஊரின் இயல்பே மாறிவிடுகிறது. விடியும் முன்பே வந்திறங்கும் குடும்பங்கள், கபிலாவில் முழுகி, முடி காணிக்கை செலுத்தி, ஈர உடையோடு கோயிலைச் சுற்றி அங்கப்பிரதட்சிணம் செய்கின்றனர். கன்னடத்தில் இதனை ‘உருளு சேவை’ என்பர். பங்குனியை ஒட்டி நடைபெறும் ‘தொட்ட ஜாத்ரெ’ என்னும் பெருந்திருவிழாவில் கணபதி, ஸ்ரீகண்டேஸ்வரர், பார்வதி, சுப்பிரமணியர், சண்டிகேஸ்வரர் ஆகியோருக்கு ஐந்து தேர்கள் ஓடுகின்றன. தேர் நகரும்போது வாழைப்பழத்தில் மணமிக்க தவனக் கொழுந்தைச் செருகித் தேரை நோக்கி எறிவது மக்களின் நேர்த்திக்கடன். தேரடியில் நிற்பவரின் தோள்மீது பழம் வந்து விழுந்தால் அதை யாரும் குற்றமாகக் கொள்வதில்லை.

அந்த வாழைப்பழத்துக்கே ஊர்ப்பெயரைத் தாங்கிய தனிப்புகழ் உண்டு. ‘நஞ்சன்கூடு ரசபாளெ’ எனப்படும் இவ்வகை, தமிழ்நாட்டு ரஸ்தாளியின் நெருங்கிய உறவு. கபினிப் பாசனத்துக் கரிசல் களிமண்ணில் விளைந்த அதன் மணத்துக்கும் சுவைக்கும் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. ஆனால், குறியீடு கிடைத்த காலத்திலேயே பயிர் அழிவின் விளிம்பில் இருந்தது. பனாமா வாடல் என்னும் நோயை உண்டாக்கும் பூஞ்சை, வேர்வழியாக ஏறி நீர்க்குழாய்களை அடைத்துவிடுகிறது. அடியிலைகள் மஞ்சளாகித் தண்டோடு மடிந்து தொங்க, தண்டின் அடி பிளக்கிறது. கிழங்கை வெட்டிப் பார்த்தால் செம்பழுப்புக் கோடுகள் தெரியும். அந்தப் பூஞ்சை மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடிருப்பதால், ஒருமுறை நோய் கண்ட நிலத்தில் இவ்வாழையை மீண்டும் நட விவசாயிகள் அஞ்சுகின்றனர். நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டு இதனை மீட்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. ஒரு மண்ணோடு பிணைந்த சுவை அம்மண்ணிலிருந்தே மறைவதை இழப்பாகவே கருதவேண்டும். அம்முயற்சிகள் இப்போது பெறுவதைவிடக் கூடுதலான ஆதரவுக்கு உரியவை. ஊரின் மற்றொரு புகழ்ப்பொருளான நஞ்சன்கூடு பல்பொடி, பி.வி. பண்டித் 1913-இல் தொடங்கிய சத்வைத்தியசாலையில் பிறந்து, கர்நாடகத்தின் பல தலைமுறைகளுக்குக் காலைப் பழக்கமாயிற்று.

மைசூருச் சாலையை ஒட்டிய தொழிற்பேட்டை ஊரின் இன்னொரு முகம். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள வெவே என்னும் சிறிய நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நெஸ்லே நிறுவனம், 1989-இல் இங்கு ஓர் ஆலையைத் தொடங்கியது. குடகிலும் சிக்கமகளூரிலும் காப்பி விளையும் மாநிலத்தில், உடனடிக் காப்பித்தூள் ஆலைக்கு ஏற்ற இடமாக இது அமைந்தது. மருந்து, மின்சுற்றுப் பலகை, துணி போன்றவற்றின் ஆலைகளும் இப்பகுதியில் வந்தன. கோவையைச் சேர்ந்த பண்ணாரி அம்மன் சர்க்கரை ஆலையும் இத்தாலுகாவின் அளகஞ்சியில் கரும்பு அரைக்கிறது. இவ்வாலைகள் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளிக்கின்றன என்பது மெய். நஞ்சன்கூட்டுக்குக் கீழே கபினி மாசடைந்த ஆற்றுப்பகுதிகளின் பட்டியலில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தால் சேர்க்கப்பட்டதும் மெய்யே. ஆலைக்கழிவோடு ஊரின் சாக்கடை நீரும் ஆற்றில் சேர்வதைத் தடுக்கும் பொறுப்பு மாநில அரசுக்கும் நகராட்சிக்கும் ஆலைகளுக்கும் ஒருசேர உண்டு. அதே நீர் திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலந்து, மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்பட்டு, மேட்டூரை அடைகிறது. அங்கே எத்தனை கன அடி வந்தது என்று கேட்கும் தமிழகம், அந்நீர் எத்தகைய தன்மையோடு வந்தது என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.