அஹிம்சை என்னும் கடமை

அஹிம்சை என்பது கையோங்காமை மட்டுமன்று. அஞ்சியிருப்போரின் அச்சத்தைப் போக்குதலும் ஆகும். இவ்வுண்மையைத் தில்லி மாநகர் நேரில் கண்டது.

1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் வீடிழந்து வந்த அகதிகள் பலர் இந்நகரின் மசூதிகளில் குடியேறினர். முஸ்லிம்கள் வெளியில் நடமாட அஞ்சினர். 1948 ஜனவரி 13-இல் காந்தியடிகள், பிறரை வருத்தாது தம்மையே வருத்தி, உண்ணாநோன்பு மேற்கொண்டார். வெறும் அமைதி அவருக்குப் போதவில்லை. மசூதிகளைத் திரும்ப ஒப்படைத்தல், மெஹ்ரோலி தர்காவின் உருஸ் விழாவைத் தடையின்றி நடத்தல் முதலியவற்றுக்குப் பல சமூகத் தலைவர்களும் எழுத்து மூலம் உறுதியளித்தனர். அதன் பின்னரே, 18-இல், மௌலானா ஆசாத் அளித்த பழரசத்தை அடிகள் அருந்தினார். 27-இல் அவ்விழாவுக்கும் சென்றார். 30-இல் சுடப்பட்டு மறைந்தார்.

பிற மாநிலங்களில் வாழும் நாமும் தொகையால் சிலரே. சிலராய் வாழ்வோர் அச்சமின்றி நடமாடும் தெருவிலேதான் அஹிம்சை வாழ்கிறது.