காக்கா குருவி எண்ணுகிற படிப்பா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். "உங்க பொண்ணு எவ்வளவு மார்க்? எதிலே சேர்க்கப் போறீங்க?" நர்ஸிங், கம்ப்யூட்டர், பி.காம். இந்த மூன்றைத் தாண்டி நம் பேச்சு போவதில்லை. அதிலும் உயிரியல் பாடம் எடுத்து, டாக்டர் சீட் கிடைக்காத பெண் என்றால் கேட்கவே வேண்டாம். "ரெண்டு வருஷம் வீணாப் போச்சே!" என்று அந்தப் பெண்ணின் காதுபடவே சொல்லிவிடுகிறோம்.

அப்படிப்பட்ட பெண்களுக்கும், அவர்களைப் பெற்ற தாய்மார்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். சூழலியல் என்று ஒரு படிப்பு இருக்கிறது. செடி, கொடி, பறவை, மீன், மண், தண்ணீர், மனிதர் எல்லாம் ஒன்றையொன்று சார்ந்து எப்படி வாழ்கின்றன, அந்த வாழ்வு குலையாமல் காப்பது எப்படி என்று சொல்லித் தரும் படிப்பு.

எங்கள் நாத்தனார் மகள் விலங்கியலில் பட்டம் வாங்கிய கையோடு, "எம்.எஸ்ஸி.யில் சூழலியல் எடுக்கப் போறேன் அத்தை" என்றபோது எங்கள் வீட்டிலும் பெரிய விவாதம் நடந்தது. "ஏண்டி, காக்கா குருவி எண்றதுக்கா இவ்ளோ செலவு பண்ணிப் படிக்கணும்?" என்றார் என் மாமியார். அவள் கோபித்துக் கொள்ளவில்லை. "ஆமா ஆயா, எண்ணவும்தான் செய்வோம். போன வருஷம் இருந்தது இந்த வருஷம் ஏன் குறைஞ்சு போச்சுன்னு கண்டுபிடிக்கிறதுதான் படிப்பு" என்றாள். அவள் படித்த இரண்டு வருஷமும் அவளிடம் கேட்டும், அவள் புத்தகங்களைப் புரட்டியும் நான் தெரிந்துகொண்டது நிறைய.

வீடு என்றுதான் அர்த்தம்

சூழலியலை ஆங்கிலத்தில் 'எகாலஜி' என்கிறார்கள். 1866-ல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இந்தப் பெயரை உண்டாக்கினார். 'ஓய்கோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தாராம். அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? வீடு!

யோசித்துப் பாருங்கள். வீட்டில் எத்தனை வாய், அரிசி எத்தனை நாளைக்கு வரும், கழுவிய தண்ணீர் எங்கே போகிறது, குப்பை எங்கே சேர்கிறது என்று தினமும் கணக்குப் பார்ப்பவர்கள் நாம். ஓர் ஏரிக்கோ காட்டுக்கோ அதே கணக்கைப் பார்ப்பதுதான் சூழலியல். அங்கே யார் யாரைச் சாப்பிடுகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவை யார் சுத்தம் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

பழவேற்காடு என்னும் பள்ளிக்கூடம்

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி. இங்கிருந்து பொன்னேரி போய் பஸ் பிடித்தால் பழவேற்காடு. ஒரிஸ்ஸாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திரத்தில், மீதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். நம் பக்கத்து ஏரி 1980-ல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று.

ஆரணி ஆறு, காளங்கி ஆறு இரண்டும் இதற்கு நல்ல தண்ணீர் கொண்டு வருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே வருகிறது. கடல் தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மழைக்காலத்தில் ஏரியின் உப்பு இதைவிட மிகவும் குறைந்துவிடும். கோடையில் வெயிலில் வற்றி, கடலையே மிஞ்சும். சாம்பாரில் உப்பு ஏறினால் நாம் முகம் சுளிக்கிறோம். மீனும் இறாலும் மாதத்துக்கு மாதம் மாறும் உப்பில் குடும்பம் நடத்த வேண்டியிருக்கிறது!

நாம் சந்தையில் பேரம் பேசி வாங்கும் இறாலின் கதையைக் கேளுங்கள். அதன் முட்டை பொரிவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து, அலை இல்லாத தண்ணீரில் வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்புகின்றன. ஏரிதான் அவற்றுக்குத் தொட்டில். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துவிட்டால் தொட்டிலுக்கு வழி கிடையாது. அந்த வருஷம் மீனவர் வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டம். நமக்கோ இறால் விலை ஏறுகிறது.

குளிர்காலத்தில் வரும் பூநாரைகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருகிறார்கள். அதன் இளஞ்சிவப்பு நிறம் கூடப் பிறந்தது அல்ல. அது தின்னும் பாசியிலும் சின்னச் சின்ன நீர்ப்பூச்சிகளிலும் இருக்கும் சத்துதான் இறகில் நிறமாக ஏறுகிறது. தண்ணீர் கெட்டால் இரை குறையும். இரை குறைந்தால் பறவை வேறு இடம் தேடிப் போய்விடும்.

என்னதான் செய்வார்கள்?

"ஆயிரக்கணக்கான பறவையை எப்படியடி எண்ணுவீங்க?" என்று கேட்டேன். பூக்காரம்மா செய்வதைத்தான் செய்கிறார்கள்! ஒரு கைப்பிடிப் பூவை எண்ணி வைத்துக்கொண்டு, கூடையில் எத்தனை கைப்பிடி என்று பார்ப்பது போல, முதலில் ஐம்பதோ நூறோ பறவைகள் உள்ள சிறு கூட்டத்தை எண்ணுகிறார்கள். பிறகு அந்த அளவில் மொத்தக் கூட்டம் எத்தனை பங்கு என்று தூரநோக்கியில் பார்த்துப் பெருக்குகிறார்கள். செடிகளுக்கு ஒரு மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை எண்ணுகிறார்கள்.

தண்ணீர்ப் பரிசோதனை இன்னும் சுவாரஸ்யம். மீன் மூச்சு விடுவது தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைக் கொண்டுதான். சாக்கடையோ ஆலைக் கழிவோ கலந்தால், அதைத் தின்னும் கிருமிகள் பெருகி அந்தப் பிராணவாயுவை எல்லாம் இழுத்துக்கொள்கின்றன. இதை அளக்க, நம் நாட்டில் தண்ணீரைப் புட்டியில் அடைத்து 27 டிகிரி சூட்டில் மூன்று நாள் இருட்டில் வைக்கிறார்கள். முதலில் இருந்த பிராணவாயு எவ்வளவு, மூன்றாம் நாள் மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் அழுக்கின் கணக்கு தெரிந்துவிடும்.

இதெல்லாம் ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த பி.ஜே. சஞ்சீவ ராஜ் பழவேற்காட்டைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். அந்த ஏரியின் உயிரினங்களைப் பற்றி அவர் எழுதிய நூலை 2006-ல் தேசியப் பல்லுயிர் ஆணையம் வெளியிட்டது. முன்பு என்ன இருந்தது என்று ஒருவர் பொறுமையாக எழுதி வைத்தால்தான், இன்று என்ன குறைந்திருக்கிறது என்று அடுத்தவர் சொல்ல முடியும்.

மதுரவாயலில் வாழ்ந்த மேதை

பெண்களுக்கு இது புதுப் பாதை என்று நினைக்க வேண்டாம். 1897-ல் தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள், சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்தார். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். மனிதன் பூமியை எப்படி மாற்றியிருக்கிறான் என்பது பற்றி 1955-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அதற்கு அழைக்கப்பட்ட ஒரே பெண்மணி இவர்தான்! 1977-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று எழுந்த குரல்களில் இவருடைய குரலும் ஒன்று. அப்போது அவருக்கு எண்பது வயது! கடைசிக் காலம் வரை அவர் ஆராய்ச்சி செய்தது நமக்குப் பக்கத்தில், மதுரவாயலில் இருந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வுக்கூடத்தில். 1984 பிப்ரவரியில் அங்கேயே காலமானார். அதே வருஷம் நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆயிற்று.

எங்கே படிக்கலாம்?

பிளஸ் டூவில் உயிரியல் இருந்தால், முதலில் பி.எஸ்ஸி. தாவரவியல் அல்லது விலங்கியல் சேர்வதுதான் பெரும்பாலோர் போகும் வழி. மீன், நீர்நிலை என்று ஆசைப்படும் பெண்ணுக்குப் பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல் பட்டம் படிக்கலாம்.

மேல்படிப்புக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் துறை இருக்கிறது. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும், உதகை அரசுக் கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் சொல்லித் தருகிறார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. டேராடூன் வனவிலங்கு நிறுவனத்திலும், பெங்களூர் தேசிய உயிரியல் மையத்திலும் நுழைவுத் தேர்வு உண்டு. அங்கே இடங்கள் மிகக் குறைவு.

அம்மாக்களின் மூன்று கேள்விகள்

*வேலை கிடைக்குமா?* கிடைக்கும். ஆனால் கம்ப்யூட்டர் வேலை போல முதல் மாதமே கை நிறையச் சம்பளம் வரும் என்று எண்ண வேண்டாம். ஆரம்பத்தில் ஆராய்ச்சித் திட்டங்களில் இரண்டு மூன்று வருஷம் தற்காலிக வேலைதான் பெரும்பாலும் கிடைக்கும். பிறகு வனத்துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கல்லூரி, ஆராய்ச்சி நிலையம், தொழிற்சாலைகளின் சுற்றுச்சூழல் பிரிவு என்று வழிகள் உண்டு. இந்திய வனப் பணித் தேர்வை விலங்கியல், தாவரவியல் பட்டதாரிகள் எழுதலாம். அந்தப் பணியில் முதன்முதலாகப் பெண்கள் சேர்ந்ததே 1980-ல்தான்.

*வயசுப் பெண்ணைக் காட்டுக்கும் ஏரிக்கும் அனுப்புவதா?* பயம் நியாயமானதுதான். பயந்துகொண்டே இருப்பதைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கூட வரும் ஆசிரியை யார், இரவு தங்குவது எங்கே, கழிப்பறை வசதி உண்டா, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று கல்லூரியில் தாராளமாகக் கேளுங்கள். பெண்களின் புகாரை விசாரிக்க ஒரு குழு இருக்க வேண்டும் என்று 2013-ம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. அந்தக் குழுவில் யார் யார் என்றும் கேளுங்கள். பையில் முழுக்கைச் சட்டை, தொப்பி, கொதித்து ஆறிய தண்ணீர், உப்பு-சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். தேதி தள்ளி இருந்தாலும் மாதவிலக்குக்கான துணிகளையும் வைத்து அனுப்புங்கள்.

*கல்யாணம்?* எங்கள் நாத்தனார் மகளைப் பார்க்க வந்த ஒரு வரன், "பொண்ணு காடு மேடெல்லாம் சுத்துமா?" என்று கேட்டதோடு நின்று போயிற்று. நாத்தனார் அசரவில்லை. "படிச்ச படிப்பை மதிக்காதவங்க நாளைக்குப் பொண்ணை மட்டும் மதிப்பாங்களா?" என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

நமக்கு என்ன பிரயோஜனம்?

எங்கள் வீட்டு அரிசி சிப்காட் சம்பளத்தில்தான் வேகிறது. ஆலை வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். ஆனால் ஆலையும் ஏரியும் அடுத்தடுத்து இருக்கும் ஊரில், இரண்டையும் புரிந்துகொள்கிற பிள்ளைகள் வேண்டாமா? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் கூழைக்கடாக்களின் இறகும் கறுத்துப் போனதை எல்லாரும் பார்த்தோம்.

பெரிய தொழில் திட்டங்கள் பலவற்றுக்கு, 2006-ம் வருஷத்து அறிவிக்கைப்படி ஊர் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். முப்பது நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். ஆய்வு அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். ஆனால் அந்தப் பக்கங்களில் இருக்கும் உப்புக் கணக்கையும் பிராணவாயுக் கணக்கையும் படித்து, "இது சரி, இது சரியில்லை" என்று எழுந்து நின்று சொல்ல எத்தனை பேர் இருக்கிறோம்? ஊருக்கு ஒரு பெண் அப்படிப் படித்திருந்தால் போதுமே!

வீட்டுக்கும் இந்தப் படிப்பு உதவும். ஈயம் புழங்கும் பட்டறையில் வேலை செய்பவர் உடுப்பிலேயே ஈயத்தூள் வீட்டுக்கு வரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். ஆகவே குளித்து உடுப்பு மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும், அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தக் 'காக்கா குருவி' படிப்புத்தான்.

உங்கள் பெண் மழை விட்டதும் தவளையைப் பார்க்க ஓடுகிறவளா? மொட்டை மாடியில் குருவிக்குத் தண்ணீர் வைக்கிறவளா? அப்படியானால் விண்ணப்பம் எழுதுகிற நாளில் இந்தப் படிப்பின் பெயரையும் ஒரு தடவை அவள் காதில் போட்டு வையுங்கள். வேண்டுமா வேண்டாமா என்பதை அவளே யோசித்துச் சொல்லட்டும்.